வெறுங்காலோடு இலை பறிக்கும் கர்ப்பிணிகள்

அனுப்புநர்
சா. ஜெபதாஸ்,
பட்டுப்புழு விவசாயி,
கல்லுமேடு, ராமகுப்பம் மண்டலம்,
சித்தூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: எங்கள் ஊர்க் கர்ப்பிணிகளுக்குக் கொக்கிப்புழுப் பரிசோதனை செய்து மருந்து வழங்கவும், என் தம்பி மனைவி எலிசாவை உடனே கவனிக்கவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது நான்காவது மனு. முதல் மூன்றையும் தெரிந்தவர் ஒருவர் தெலுங்கில் எழுதிக் கொடுத்தார். அவற்றில் மரியாதை எல்லாம் சரியாக இருந்தது, விஷயம்தான் இல்லை. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. ஆகவே இம்முறை தமிழிலேயே எழுதுகிறேன். படித்துச் சொல்ல ஆள் தேடும் சிரமத்துக்கு மன்னிக்கவும்.

2. பட்டுப்புழு வளர்க்கும் ஷெட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. வெளி மண் வந்தால் புழுவுக்கு நோய். இது சரியான விதி. நான் ஒரு படி மேலே போய், புழுவுக்கு இலை பறிக்கும் மல்பெரித் தோட்டத்திலும் பெண்கள் செருப்பு போடக் கூடாது என்றேன். எந்த அதிகாரியும் அப்படிச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஒரு தடவை புழு முழுவதும் செத்தபோது, செருப்போடு இலை பறித்ததால்தான் என்று என் மனைவி கேசியாவை ஊரார் பார்க்கத் திட்டினேன். அதன்பின் எந்தப் பெண்ணும் செருப்போடு தோட்டத்தில் இறங்கவில்லை.

3. அரசு கட்டிய கழிப்பறைகளில் தண்ணீர் இல்லை. ஊரே தோட்டத்து வரப்பில்தான் ஒதுங்குகிறது. அந்த ஈர மண்ணில்தான் கேசியா கர்ப்பத்தோடு ஏழு மாதமும் வெறுங்காலில் நின்றாள். பாதம் அரிக்கிறது என்றாள், மூச்சு வாங்குகிறது என்றாள். சுகாதார நிலையத்தில் மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்த அளவு ஏறவில்லை. மாத்திரையை விழுங்குவதில்லை என்று அவளுடைய கர்ப்பிணி அட்டையில் எழுதினார்கள். நானும் அதை நம்பி அவளிடம் கத்தினேன். ரத்தம் ஆறுக்கு இறங்கிய பிறகு திருப்பதியில் மலப் பரிசோதனை செய்து, கொக்கிப்புழு என்றார்கள். மலம் கலந்த மண்ணிலிருந்து பாதத்தின் வழியே ஏறி, குடலில் இருந்து ரத்தம் குடிக்குமாம். முதல் மூன்று மாதம் கடந்தால் கர்ப்பிணிக்கும் மாத்திரை கொடுக்கலாமாம். குழந்தை குறைமாதத்தில் பிறந்து பதினோரு நாள் இருந்தது. பெண் குழந்தை.

4. இப்போது எலிசாவுக்கு ஐந்தாம் மாதம். ரத்தம் ஏழரை. போன செவ்வாய்க்கிழமை அவள் அட்டையிலும் அதே வரியை எழுதினார்கள். மலப் பரிசோதனை கேட்டதற்கு வசதி இல்லை என்றார்கள். நான் சண்டை போடவில்லை ஐயா. போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது.

5. ஆகவே எலிசா உட்பட எங்கள் ஊர்க் கர்ப்பிணிகள் ஆறு பேரையும் பரிசோதித்து மருந்து கொடுக்கவும், கழிப்பறைகளுக்குத் தண்ணீர் வர உரியவர்களுக்கு எழுதவும் வேண்டுகிறேன்.

6. இன்னொன்று. எலிசாவுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அவள் தொடவில்லை. "நாளைக்குப் புழு செத்தா, அக்காவத் திட்டுன மாதிரி என்னியும் திட்டுவீங்க மாமா. நான் இப்பிடியே போய்க்கினு வரேன்" என்றாள். கேசியா சொல்லியும் கேட்கவில்லை. புழு கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசித் தீனியில் இருக்கிறது, நானும் தம்பியும் பறிக்கும் இலை போதவில்லை. வீட்டில் இரு என்றால், இலை குறைந்தால் அதற்கும் திட்டுவேன் என்று பயப்படுகிறாள். என் சொல்லுக்கு இனி மதிப்பில்லை, அது நியாயம்தான். அரசு ஆள் ஒருவர் நேரில் வந்து, செருப்பு போட்டு இலை பறித்தால் புழு சாகாது, ஜெபதாஸ் சொன்னது தப்பு என்று அவளிடம் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்கு அவள் தோட்டத்தில் இறங்குகிறாள். அதற்கு முன் வாருங்கள்.

இணைப்பு: கேசியா, எலிசா இருவரின் அட்டை நகல்கள்.

இடம்: கல்லுமேடு
நாள்: 18.08.2025

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சா. ஜெபதாஸ்