காற்றை நிறுத்தும் பொட்டலம்

மார்ச் 3

அன்பும் அலுப்பும் நிறைந்த அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, நம் வீட்டு மாடி அறையில், உன் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேட்டை விளையாட்டில், பெரிய கொம்பு மான் ஒன்று ஒரே குண்டில் சாய்ந்தது. சுட்டது அடியேன். பைசா செலவில்லாமல்!

சாட்டில் சொன்னால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் மின்னஞ்சல்.

இனி புகார். விளையாட்டு இலவசமாம். இழவுவசம்! நல்ல துப்பாக்கிக்குக் காசு, சத்தம் போடாத செருப்புக்குக் காசு, உடம்பு வாடையை மறைக்கும் தண்ணீருக்கும் காசு. நிஜ சோப்பே அதைவிட மலிவு. காசு தராதவன் புதருக்குள் மணிக்கணக்கில் குந்தியிருக்க வேண்டும். காற்று நம் பக்கமிருந்து அடித்தால் மான் மோப்பம் பிடித்து ஓடிவிடுகிறது. "சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும் இலவசம்" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டேன். எண்ணூறு பேருக்குப் பிடித்திருக்கிறது.

அப்பா இன்னும் உன் ஆபீஸை 'பொம்மைக் கம்பெனி' என்றுதான் சொல்கிறார்.

இப்படிக்கு,
மான் வேட்டை மன்னன்

மார்ச் 5

டேய் வாலு,

உன்னை என்ன செய்தால் தகும்? செருப்பும் தண்ணீரும் விற்பது வேறு ஆட்கள். அந்தக் காற்றும் காத்திருப்பும்தான் என் வேலை. இரண்டு வருடம்டா!

நீ எழுதியதை மேனேஜர் நேற்று கூட்டத்தில் வாசித்தார். "பாத்தீங்களா, யாருக்கும் பொறுமை இல்ல. காத்த நிறுத்துற பொட்டலம் ஒண்ணு வித்துடலாம்" என்கிறார். வாங்கினால் காற்று நின்றுவிடும், மான் நேரே வந்து போஸ் கொடுக்கும். அப்புறம் நான் எதற்கு? வெள்ளிக்கிழமை முடிவு.

ஆனால் நீ காசில்லாமல் சுட்டிருக்கிறாயே! எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய், காற்றை எப்படிப் பார்த்தாய் என்று அப்படியே எழுதிப் போடு. எனக்கிருக்கும் ஒரே சாட்சி நீதான்.

அக்கா

மார்ச் 7, வெள்ளி காலை

அக்கா,

திட்டாமல் படி. புதருக்குள் உட்கார்ந்தது நானில்லை. அப்பா.

பூட்டுக்கடையை மூடிவிட்டு வந்து நாலு சாயங்காலம் உட்கார்ந்தார். காற்று மான் பக்கம் அடிக்கிறது என்று அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டார்! "அது விளையாட்டுக்குள்ள அடிக்கிற காத்துப்பா" என்றேன். "வாய மூடு, மோப்பம் புடிச்சிரும்" என்றார். வேர்த்து ஊற்றியது.

நாலாம் நாள் மான் வந்தது. "சுடுங்கப்பா!"

"சும்மா இருடா. உங்கக்கா செஞ்ச மானு. காத எப்படித் திருப்புது பாரு."

நான்தான் எட்டிப் பொத்தானை அமுக்கினேன். குண்டு மரத்தில் பட்டது. மான் போயே போய்விட்டது. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. நேற்று உன் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

ஒற்றை நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன். அவர் சொல்ல நான் தட்டி, அவர் பெயரிலேயே போட்டிருக்கிறோம்: "நாலு நாள் உட்கார்ந்தேன். எதுவும் வாங்கவில்லை. மான் வந்தது. காற்றை விற்காதீர்கள். என் மகள் செய்தது." கடைசி வரி வேண்டாமென்றேன், கேட்கவில்லை. இதுவரை மூன்று பேருக்குப் பிடித்திருக்கிறது. அதில் ஒருவன் நான். இன்று கூட்டத்தில் இதை வாசி.

நான் ஒரே இடத்தில் அதிகபட்சம் உட்கார்ந்தது ஏழு நிமிடம். குறிபார்த்தது ஒரு காக்கா. அதுவும் பறந்துவிட்டது.

உன் தம்பி