மூன்று ஞாயிறு ஊமை

2 ஜூலை 1989, ஞாயிறு

சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் பிடித்து, வெயிலில் பிரிக்பீல்ட்ஸ் போனது இதற்குத்தானா?

சபாபதி அண்ணன்தான் எங்களுக்குக் கதை நடத்துகிறவர். அவர் வீட்டு மாடியில், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டின் இன்றைய சண்டையில், சூனியக்காரி என் மருத்துவச்சியை ஊமையாக்கிவிட்டாள். பாத்திரம் ஊமையானால் ஆடுகிற ஆளும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் மேசைச் சட்டம் அது. எப்படித் தீரும் என்று ஆட்டச் சட்டங்கள் எழுதிய அட்டையைப் பார்த்தோம். விஷம், குருடு, மயக்கம், ஊமை — எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே வரி: மருத்துவச்சி மந்திரம் சொன்னால் தீரும்.

ஆங்கிலப் புத்தகத்தின் போட்டோஸ்டேட்டைப் பார்த்து அந்த அட்டையைத் தமிழில் எழுதியவள் நான். எல்லாரும் என்னையே நம்பி இருக்கட்டும் என்று அந்த வரியை நானாக மாற்றினேன். வாயில்லாத மருத்துவச்சி எப்படி மந்திரம் சொல்வாள்? பெரிய புத்திசாலி நான்.

“நீ எழுதின சட்டம்தானே லா, சிவகாமி,” என்றார் அண்ணன்.

“இப்பதான் ஆட்டம் அமைதியா இருக்கு,” என்றான் கூட ஆடும் விஜயன். எல்லாரும் சிரித்தார்கள். என் தோழி வீரம்மாவும்.

9 ஜூலை

இன்றும் ஊமை. கதையில் வரும் பாலத்தில் பொறி இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கை காட்டினேன். அதுவும் கூடாதாம்.

12 ஜூலை

ஆத்திரம் அடங்கவில்லை. ஆபீசில் ஒரே கடிதத்தை மூன்று தடவை டைப் அடித்தேன்.

16 ஜூலை

விஜயனின் வாள்வீரனைப் பாம்பு கடித்தது. விஷம். சுற்றுக்கு இரண்டு உயிர்ப்புள்ளி போகும். அவனிடம் மிச்சம் ஐந்து. அண்ணன் தலையைச் சொறிந்தார். “சரி, குகையில ஒரு மூலிகை இருக்குன்னு வச்சுக்குவோம். எதுவா இருந்தாலும் தீரும்.”

ஒன்றே ஒன்று. அதை விஜயன் தின்றான்.

மனசுக்குள் கத்தினேன்: மூணு ஞாயிறா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேனே, அப்போ எங்க போச்சு இந்த மூலிகை? எனக்குன்னா சட்டம், அவனுக்குன்னா மூலிகையா?

எழுந்து அட்டையைப் பைக்குள் வைத்தேன். எங்கே போகிறாய் என்று அண்ணன் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஊமைதானே.

23 ஜூலை

போகவில்லை. மாலையில் வீரம்மா வந்தாள். அட்டை இல்லாமல் ஆட்டம் சண்டையில் முடிந்ததாம். குருடு எத்தனை சுற்று என்றுகூட யாருக்கும் நினைவில்லையாம். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை என்று நேராகவே சொன்னேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து புது அட்டை எழுதினோம்.

6 ஆகஸ்ட்

அட்டை என்னிடம் என்பதால் இந்த முறை எங்கள் வீட்டில் ஆட்டம். கதை நடத்தியது நான். சபாபதி அண்ணன் தன் பாத்திரமாக ஒரு வில்லாளியை எடுத்துக்கொண்டார். விஜயன் வாசலிலேயே நின்றான். நான்தான் உள்ளே வரச் சொன்னேன்.

முதல் சண்டையிலேயே பகடை அவனைக் கைவிட்டது. ஊமை.

என்னைப் பார்த்தான். மூன்று வாரம் இவனை இப்படியே உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் புது அட்டையில் ‘ஊமை, இரண்டு சுற்று’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டாவது சுற்று முடிந்ததும், “பேசு விஜயா,” என்றேன்.

புது அட்டையைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் படித்தான். பிறகு, “அந்த மூலிகைய உனக்குத்தான் கொடுத்திருக்கணும்,” என்றான்.

உன் முறை, உருட்டு என்று பகடையை அவன் பக்கம் தள்ளினேன்.