யோனா சாப்பிடவில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் லாரி வரவில்லை. கரண்ட் பில் கட்ட வேண்டும்.

ஜெசி கோயம்புத்தூர் போய் ஒரு வாரம். எங்கள் மகள் ஏஞ்சலுக்குப் பிரசவமாகி இன்று நாலாம் நாள். பேரன். போட்டோவில் என் மூக்கு. பாவம்.

தொட்டியில் இருக்கும் விலாங்கு மீன் என் பொறுப்பில். ஆறு வருஷம் முன்பு படப்பை ஏரியில் வலை போட்டவரிடம் ஜெசி வாங்கி வந்தது. அப்போது பென்சில் நீளம், இப்போது இரண்டு அடி. பெயர் யோனா. பைபிளில் மீன் வயிற்றில் இருந்தவர் பெயரை மீனுக்கே வைத்தது எங்கள் வீடு மட்டும்தான். ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்: "திங்கள், வியாழன். இரண்டு இறால்."

அவள் தீனி போடும்போது நான் அந்தப் பக்கமே போனதில்லை. வாடை ஆகாது. போன வியாழன் முதல் தடவையாகப் போட்டேன், தொடவில்லை. இன்றும் தொடவில்லை. அது ஒளிந்துகொள்ளத் தொட்டியில் போட்ட குழாய்க்குள்ளேயே கிடக்கிறது.

மாலை போன். "யோனா சாப்பிட்டுதாங்க?"

"ம், சாப்பிட்டுது. பையன் பால் குடிக்கிறானா?"

"நல்லா குடிக்கிறான்."

பிள்ளை பெற்ற வீட்டில் போய் விலாங்கு பட்டினி என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வியாழன் வரை பொறுக்க முடியவில்லை. நேற்றும் இன்றும் போட்டுப் பார்த்தேன். இல்லை. இறால் அடியில் கிடந்து வெளுத்துப்போகிறது, நான் வலையால் எடுக்கிறேன்.

பம்மலில் மீன் தொட்டிக் கடை. பையில் தொட்டித் தண்ணீர் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். "தண்ணி சூப்பரா இருக்கு சார். ஓனர் இல்லன்னா இதுங்களுக்கு ஸ்ட்ரெஸ்." விலாங்குக்கு ஸ்ட்ரெஸ். எனக்கு என்னவாம்?

வாங்க வேண்டியது: சோப்பு, கல்லுப்பு, அரை டஜன் முட்டை.

போனில்: "இன்னிக்கும் சாப்பிட்டுது. நேத்தும். தினமும் அடிச்சு நொறுக்குது." வாயில் தானாக வருகிறது. அவள் உடனே பேச்சை மாற்றினாள். பேரன் நன்றாகக் குடிக்கிறானாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. ஜெபத்தில் பேரனுக்கு அடுத்து விலாங்கைச் சேர்த்தேன். ஆண்டவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

யோனா இளைத்துவிட்டது போலத் தெரிகிறது. தலை பெரிதாக, உடம்பு சிறிதாக. என் கண்ணோ என்னவோ. இது செத்துப்போனால் ஜெசி ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். அதுதான் பயம்.

மூடியைத் திறந்து, "சாப்பிடேன்டா" என்று கெஞ்சினேன். பக்கத்து பிளாட் அம்மா பால்கனியிலிருந்து, "விருந்தாளியா சார்?" என்றார். ஆமாம் என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடியற்காலையில் மழை. தெருவெல்லாம் சேறு.

ஆபீசுக்கு அரை நாள் லீவு. சேலையூர் மார்க்கெட்டில் செல்வி அக்கா கடை. இரண்டு வாரமாக அவரிடம்தான் இறால் வாங்குகிறேன்.

"இன்னா சார், தெனிக்கும் ஒரு கைப்பிடி எறா. யாருக்கு?"

சொன்னேன். பதினைந்து நாளாகத் தொடவில்லை என்பதையும் சொன்னேன். தொட்டிக் கடைக்காரருக்கு அடுத்து உண்மையைச் சொன்னது இவரிடம்தான்.

"எப்டி போடற?"

எப்படி என்றால்? நம் வீட்டில் கழுவுகிற மாதிரிதான். தலையைக் கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, மூன்று தண்ணீர். வாடையே இருக்காது.

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

"அய்ய, அது இன்னா உன் வூட்டுக்கு வந்த மாப்ளையா சார்? விலாங்குக்குக் கண்ணு அவ்ளோதான். கவுச்சிய மோந்துகினுதான் தீனியத் தேடும். நீ கவுச்சிய மொத்தமும் கய்வி வுட்டுட்டு தின்னு தின்னுன்னா அது இன்னா பண்ணும்? தலையோட அப்டியே போடு."

வீட்டுக்கு வந்து கழுவாமல் போட்டேன். தலை, ஓடு, மீசை எல்லாவற்றோடும். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு குழாயிலிருந்து மூக்கு நுனி வந்தது. அப்புறம் தலை. தரையைத் தடவிக்கொண்டே வந்து, ஒரே கவ்வு. உடம்பையே முறுக்கிப் பிய்த்துத் தின்றது. இரண்டாவதும் போச்சு. மூன்றாவது போட்டேன், அதுவும் போச்சு.

அப்பாடா! நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன்.

மாலை ஆறு மணிக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மஞ்சள் வரைக்கும். அவள் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியுங்க."

"எப்படி?"

"தினமும் சாப்பிடுதுன்னீங்களே. அது வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வாயே திறக்காது. ஒரு மாசம் பட்டினி கிடந்தாலும் தாங்கும், அதான் பேசாம இருந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே ஜெசி?"



"எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்குறது? நானும் பொய்தானே சொல்லிட்டிருந்தேன். பையன் முதல் பத்து நாள் பாலே குடிக்கலங்க. சப்பத் தெரியல. சங்குல சொட்டுச் சொட்டா ஊத்தினோம். ஏஞ்சல் அழுதுக்கிட்டே கிடந்தா. நீங்க அங்க தனியா உக்காந்து பயப்படுவீங்கன்னு சொல்லல."

"இப்போ?"

"இப்போ குடிக்கிறான். நிஜமாவே குடிக்கிறான். மூணு நாளாச்சு. இருங்க, கேளுங்க."

போனைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். கேட்டேன். சின்னச் சத்தம்தான். மூச்சு வாங்கி வாங்கிக் குடிக்கிறான்.

யோனாவுக்கு அடுத்த தீனி இனி திங்கட்கிழமைதான். நாளை கோயம்புத்தூர் ரயிலில் இடம் இருக்கிறதா பார்க்க வேண்டும்.