பெயர் சொன்னதும் ஏறிய துடிப்பு

புரட்டாசி, வியாழன், இரவு.

தூக்கம் வரவில்லை. மொரப்பூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து இவர் கண் திறக்கவேயில்லை. இன்று ஐசியூவில் நர்ஸ் என்னிடம், "காதுகிட்ட பேர் சொல்லிக் கூப்புடுங்க, முழிக்கிறாரான்னு பாக்கலாம்" என்றார். கல்யாணமானதிலிருந்து நான் இவர் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளைத்தான் சொல்லச் சொல்வேன். பக்கத்தில் நின்ற மாமியாரே, "சொல்லு கண்ணு, தப்பில்ல" என்றார்.

குனிந்து, "மாதேசு" என்றேன். கண் திறக்கவில்லை. ஆனால் மானிட்டரில் இதயத் துடிப்பு மளமளவென்று ஏறியது.

"அவனுக்குக் கேட்டுருச்சு" என்று மாமியார் அழுதார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுபடி கூப்பிட்டேன். இன்னும் ஏறியது. அலாரம் கத்தியதும் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் டாக்டர் சொன்னார்: "நெஞ்சுல பழைய கோளாறு எதுவும் இல்லீங்க. தலையில பலமா அடிபட்டா மூளை இதயத்தைத் தாறுமாறா ஓட விடும். அதுல இதயம் களைச்சுப் போயிருக்கு. இப்ப அமைதியா விடணும்."

"நான் கூப்புட்டதாலயாங்க?"

"அதுவாவும் இருக்கலாம். தானாவும் ஏறும்ங்க."

டாக்டர் இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். என் குரல் கேட்டிருந்தால் கெடுத்தது நான்தான். நான் கெடுக்கவில்லை என்றால் அவருக்கு என் குரல் கேட்கவேயில்லை. தீர்த்தமலை சாமியிடம் இதில் எதை வேண்டிக்கொள்வது?

நாளை உள்ளே விட்டால் வாயைத் திறக்கக் கூடாது. கையை மட்டும் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். பிடித்தால் மானிட்டரைப் பார்க்கக் கூடாது.

பார்ப்பேன்.