இவர் வேலையை விட்ட மாதம்

ஏப்ரல் 4

ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார். இந்த மாதத்தோடு ஆலைக்கு முழுக்கு. இனி பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கப் போகிறாராம். ரெண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியது வீண் போகவில்லை. "நான் யுரேனியம் செறிவூட்டுற மிஷினைத்தான் பாக்கறேன், குண்டு செய்யறது நானா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்! கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டு, குத்தினது நானில்லை என்கிற கதை.

ஏப்ரல் 9

கண்ணாடிக்காரரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் ஆலையில் இவரோடு ஒரே பிரிவு, கல்லூரியிலிருந்தே இணைபிரியாதவர்கள். "மேல இருக்கறவங்கள்லயே பாதிப் பேருக்கு குண்டு வேண்டாம். பேச்சுவார்த்தை முடிஞ்சு வெளிநாட்டு ஆய்வாளருங்க சீல் வெச்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றார். அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "எப்படிடி வழிக்குக் கொண்டுவந்த? எனக்கும் சொல்லிக்குடு" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். ரெண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம்.

ஏப்ரல் 17

குட்டிக்குப் பல்வலி. லீவு போடச் சொல்லி இவரையும் இழுத்துப் போனேன். "ஒரு பாப்பா பல்லுக்கு ரெண்டு ஆளா?" என்று வழியெல்லாம் முனகல். டாக்டர் அறையில் இருந்தபோது ஜன்னல் கண்ணாடி அத்தனையும் அதிர்ந்தது.

விமானங்கள். ஆலை இல்லை. கண்ணாடிக்காரர் —

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 18

இவர் உயிரோடு இருக்கிறார். இவர் உயிரோடு இருக்கிறார்.

ஏப்ரல் 20

அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் அழவில்லை. இவரைப் பார்த்து, "நீங்க அன்னிக்கு லீவாமே" என்றாள், அவ்வளவுதான். வீடு திரும்பியதும், "நீதான் என்னைப் போக விடல" என்றார் இவர். ஆமாம், நான்தான். அதற்கு நான் யார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்?

ஏப்ரல் 24

குண்டு போட்டவர்கள் டிவியில் கைகுலுக்குகிறார்கள். எல்லாம் தரைமட்டமாம், ஆபத்து நீங்கிவிட்டதாம். இங்கே பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. ஆய்வாளர்களையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவர் சாப்பாட்டு மேஜையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "எரிஞ்சுபோன மிஷின் படம். கட்டடத்தைத்தானே இடிச்சாங்க? இது மனசுல இருக்கு." பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். இன்னொரு தாளை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மே 2

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அக்கா தூக்க மாத்திரை வாங்க வந்தாள். "உன் வீட்டுக்காரர் இன்னும் வீட்லயா இருக்கார்?"

"பாலிடெக்னிக்ல சேரப்போறார்க்கா."

"என் புருஷன் பொழச்சிருந்தா முதல் ஆளா மறுபடி வேலைக்குப் போயிருப்பார்."

என்னிடம் வழி கேட்டவளா இவள்? மாத்திரையை ரெண்டு தடவை எண்ணிக் கொடுத்தேன்.

மே 11

மலைக்குள் எங்கேயோ புது ஆலையாம், இவர் அங்கே போகிறாராம். எங்கே என்று பெண்டாட்டிக்கும் சொல்லக் கூடாதாம். காலையில் வண்டி வந்து நின்றது. வாசலை மறித்தேன். "போகாதீங்க. அங்கயும் வந்து கொல்லுவாங்க. குட்டிக்கு அப்பா வேணும்."

"நம்மகிட்ட குண்டு இருந்திருந்தா வந்திருப்பானுங்களா?"

நாம் குண்டு செய்யப் போகிறோம் என்றுதானே வந்தார்கள்? கேட்டிருக்க வேண்டும். அதற்குள் என்னை மெல்ல நகர்த்திவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 6

மறுபடியும் விமானங்கள். இந்தத் தடவை ஊருக்குள்ளேயே, மின்நிலையத்தின் மேல். குட்டியோடு மாடிப்படிக்கு அடியில் கிடந்தேன். இப்போதெல்லாம் அவள் அழுவதில்லை. சத்தம் வருவதற்கு முன்பே தானாகக் காதைப் பொத்திக்கொள்கிறாள். அய்யோ, என் பிள்ளை இதையா பழகணும்? எங்கே போவேன் இவளைத் தூக்கிக்கொண்டு?

ஜூன் 8

இவர் வந்திருக்கிறார், ஒரே ஒரு நாளைக்கு. ஆள் பாதியாகிவிட்டார். 'விட்டுடுங்க, எங்கயாவது போயிடலாம்' — இத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்தார். அவர் மடியில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி ஏறியது. தூக்கத்திலேயே காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டேன்.

"எது?"

"குண்டு."

தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வருஷம் ஆகலாம்."

"சீக்கிரம் முடிங்க" என்றேன்.