ஜவுளிக்கடை எழுத்துகளில் ஒரு நத்தை

ஜூன் 17, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கும்பகோணம் ஜவுளிக்கடையில் கழற்றிய நியான் போர்டு வந்து இறங்கியது. அங்கே எல்.இ.டி. மாட்டுகிறார்களாம். குப்பைக்குப் போயிருக்கும். 'ள'வின் சுழி முழுசாக இருக்கிறது. 'ஜ'வோடு சேர்த்தால் பழைய பொருட்களில் நான் செய்யும் வயல் நத்தைச் சிற்பத்துக்கு ஓடு கிடைத்துவிடும்.

வாங்க: கம்பி, கையுறை, டீத்தூள்.

மதியம் போர்டின் நீலக் கண்ணாடிக் குழாய் ஒன்று கைநழுவி உடைந்தது. பட்டறைத் தரையெல்லாம் பாதரச மணிகள். சிவப்பில் வெறும் வாயுதான், நீலத்தில் பாதரசம் உண்டு. தெரிந்தும் அவசரம்.

கூடப் படித்த சுமதிக்கு போன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். "துடைப்பத்தைத் தொடாதடி! ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வா." பிறகு அவள் சொல்லச் சொல்ல, அட்டையால் ஒதுக்கி பாட்டிலில் சேர்த்தேன். முடியும்வரை போனை வைக்கவில்லை.

ஆனால் சில மணிகள் தண்ணீர் போகும் ஓட்டை வழியே வெளியே. கீழே வாய்க்கால், இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று, எந்நேரமும் வரலாம். அடுத்த வயல் கஸ்தூரி அக்காவின் குத்தகை. நாற்றங்கால் உழுது போட்டுக் காத்திருக்கிறார்.

போய்ச் சொன்னேன்.

"பாதரசமா? தர்மாமீட்டர்ல இருக்குமே, அதா?"

"ஆமாங்கக்கா. தண்ணி வந்தா உங்க வயலுக்குத்தான் போகும்."

"என் வயித்துல அடிக்கப் பாத்தியேடி!" திட்டிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார். "வா, எந்த இடம்னு காட்டு."

இருவரும் கையுறை மாட்டி, மணி தெரிந்த இடத்தைத் தாண்டியும் ஆழமாக வெட்டினோம். மண் முழுக்க மூடி போட்ட பெயின்ட் வாளியில்.

ஜூன் 18, புதன்

ஓட்டையை சிமென்ட் வைத்து அடைத்தேன். சுமதி பேசினாள். கல்லூரி ஆய்வகக் கழிவோடு என் பாட்டிலும் வாளியும் முறையாகப் போகும். "மண்ணையெல்லாம் யாருடி வாங்குவா? கெஞ்சி வச்சிருக்கேன்." நல்லவள்.

குப்பையைக் காப்பாற்றுகிறேன் என்ற என் பெருமை கொஞ்சம் இறங்கியது. இனி நீலம் வேண்டாம். சிவப்பும் சும்மா எரியவில்லை, கரண்ட் குடிக்கிறது. நத்தை விளக்கில்லாமலே நிற்கட்டும். பகலில் கண்ணாடிச் சுழி அழகாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

மேகமூட்டம். வாய்க்காலில் தண்ணீர்! முன்னால் நுரையும் சருகும். கஸ்தூரி அக்கா வரப்பிலிருந்து கூப்பிட்டு மண்வெட்டியை நீட்டினார்.

"மடையை நீயே வெட்டி விடு."

"நானா அக்கா?"

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவா போவுது? புடி."

வெட்டினேன். செருப்பை நனைத்துக்கொண்டு தண்ணீர் நாற்றங்காலுக்குள் ஓடியது.