எண்ணெய் வைத்த நாட்கள்

ஜூன் 13, வெள்ளி

விடியலிலிருந்து மழை. மட்டாஞ்சேரி படகு அரை மணி தாமதம். செவ்வாய், வெள்ளி தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். இன்று கொஞ்சம் அதிகமாகவே.

லேபில் கழுவுவதுதான் என் வேலை. இன்று கழுவியவை: குப்பிகள், குழாய்கள், வட்டச் சில்லுகள் ஆறு. சில்லுகள் பார்க்கக் கண்ணாடி மாதிரி, ஆனால் படிகம். அகச்சிவப்பு ஒளி கண்ணாடிக்குள் சரியாகப் போகாதாம், இதற்குள் போகுமாம். செல்களை இதன்மேல்தான் காயவைப்பார்கள். கையுறை ஈரமாகி ஒரு சில்லு வழுக்கியது. விழுமுன் பிடித்துவிட்டேன். கையுறையைக் கழற்றி, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, வெறும் கையால் துடைத்து அடுக்கினேன். யாரும் பார்க்கவில்லை.

இதை இங்கே தமிழில் எழுதலாம். ஆராய்ச்சி செய்யும் அனி சேச்சி பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

சேச்சி கூப்பிட்டுப் படம் காட்டினார். சாயம் போடாமலே, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எங்கே கொழுப்பு, எங்கே புரதம் என்று அந்த ஒளி காட்டிக்கொடுத்துவிடுமாம். கொழுப்பு சிவப்பு, புரதம் பச்சை. நிறம் கம்ப்யூட்டர் கொடுப்பது. சும்மா விட்ட செல்கள் பச்சை. மருந்து கொடுத்தவை ஒரே சிவப்பு. இரண்டு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தாராம். புதன் பத்து மணிக்குப் பெரிய சாரிடம் காட்டப்போகிறார். எல்லோருக்கும் பழம்பொரி, நம் வாழைப்பழ பஜ்ஜிதான்.

செல்லே இல்லாத இடத்திலும் சிவப்புத் திட்டு. ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. பழம்பொரி இருந்தது வாயில்.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி எண்ணெய். படகில் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிவிட்டேன். எழுந்தால் கண்ணாடியில் வட்டமாக எண்ணெய்க் கறை.

"மோளே, இதுல ரெண்டு பப்படம் பொரிக்கலாமே," என்றார் டிக்கெட் சேட்டன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கறையையே பார்த்தேன். வெள்ளிக்கிழமை. வெறும் கை. தேங்காய் எண்ணெயும் (இங்கே வெளிச்செண்ணெய் என்பார்கள்) கொழுப்புதானே.

கழுவும் நோட்டைப் பார்த்தேன். பச்சைப் படம்: வியாழன் கழுவிய சில்லு. சிவப்புப் படம்: வெள்ளி.

சொன்னால் வேலை போகும். பத்தாவதோடு நின்றவளுக்கு இனி அம்மாவோடு இஞ்சிக் கிடங்குதான். சொல்லாவிட்டால் சேச்சி, பெரிய சார் முன்னால் என் தலை எண்ணெயைக் காட்டி மருந்தின் வேலை என்பார்.

அவர் அறை வாசல் வரை நாலு தடவை. நாலு தடவையும், தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டேன். நாலாவது டம்ளரைச் செடிக்கு ஊற்றினார்.

ஜூன் 18, புதன்

எட்டு மணிக்கே போய் நின்றேன். சேச்சி வந்தார். சுத்தமான சில்லு ஒன்றை எடுத்தேன். தலையைத் தொட்ட விரலை அதில் அழுத்தி, நீட்டினேன்.

"இதையும் பாருங்க சேச்சி. வெள்ளிக்கிழமை நான் கையுறை போடலை."

மெஷினில் வைத்தார். சிவப்பு. அதே சிவப்பு.

"அப்போ நான் கண்டுபிடிச்சது வெளிச்செண்ணெயா?"

அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு கொஞ்சம் அழவும் செய்தார். செல் இல்லாத இடத்தில் சிவப்பைத் திங்களன்றே பார்த்ததையும் சொன்னேன். சாருக்குப் போன் செய்து நாள் தள்ளச் சொன்னார். மிச்சமிருந்த செல்களை வைக்கச் சில்லுகளை மறுபடி கழுவினேன். இரண்டு ஜோடி கையுறை, தலைக்குத் தொப்பி, மூச்சுகூட அளந்து.

ஜூன் 19, வியாழன்

புதுப் படம். வெளியே ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. மருந்து கொடுத்த செல்களுக்குள்ளே மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகள். முன்பு மாதிரி இல்லை, கொஞ்சம்தான். ஆனால் இருக்கிறது.

"இது உன்னோடது இல்லையே?"

இல்லை என்றேன். மூன்று தடவை கேட்டார்.

வேலை போகவில்லை. புது விதி மட்டும்: எண்ணெய் வைத்த நாளில் எதையும் கழுவக் கூடாது. அன்றைக்குச் சேச்சி பக்கத்தில் உட்கார்ந்து, செல் இல்லாத இடத்தில் நிறம் இருக்கிறதா என்று படம் படமாகப் பார்க்க வேண்டும்.

"திங்கக்கிழமையே பாத்திருக்கே. இனி வாயத் தொறக்கணும், கேட்டியா?"

ஜூன் 20, வெள்ளி

மழை. குடை ஓட்டை. அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு தயங்கி நின்றாள், அந்த மெஷினுக்கு ஆகாதே என்று. நிறைய வைக்கச் சொன்னேன். நாளைக்கும் வைக்கச் சொன்னேன்.